கிண்ணத்துல தண்ணி வச்சா பச்சோந்தி குடிக்காது மச்சி

போன வருஷம் ஏப்ரல் கடைசி. செகண்ட் இன்டர்னல் முடிஞ்ச சனிக்கிழமை சாயங்காலம், என் ரூம்மேட் ஒரு ஷூ டப்பாவை ரெண்டு கையாலும் ஏந்திக்கிட்டு ரூமுக்குள்ள வந்தான். மூடி முழுக்க பேனாவால் குத்தின ஓட்டை. "பயப்படாத மச்சி, கடிக்காது" என்றான். (இப்படிச் சொல்லிவிட்டு எவன் எதைத் திறந்தாலும் ரெண்டு அடி பின்னால் போய்விடுவது நல்லது.) உள்ளே ஒரு பச்சோந்தி. வாலோடு சேர்த்து ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒரு கண் என்னைப் பார்த்தது, இன்னொரு கண் அவனைப் பார்த்தது.

சிப்காட்டுக்குப் பின்பக்கம் ஒரு காலி இடத்தில் ஜேசிபி விட்டு வேலிகாத்தான் புதரை வழிச்சுக்கிட்டு இருந்தாங்களாம். இன்பிளான்ட் டிரெயினிங் முடிச்சு ஷேர் ஆட்டோவுக்கு நடந்து வந்தவன் கண்ணில் இது பட்டிருக்கிறது. "நான் எடுக்கலேன்னா டயர்ல போயிருக்கும்டா." பொய் சொல்கிற ஆள் இல்லை அவன். அதனால்தான் இந்த விஷயம் எனக்கு இன்னும் சிக்கலாகவே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சீனியர் ஒருத்தர் விட்டுப்போன பழைய மீன் தொட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதில் ரெண்டு வேப்பங்குச்சி, ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணி, மெஸ் டியூப்லைட்டுக்கு அடியில் பிடிச்ச நாலு பூச்சி. ஃபேன் அஞ்சில் ஓடியது. நாங்கள் ஏதோ பெரிய புண்ணியம் பண்ணிவிட்ட மாதிரி தூங்கிவிட்டோம்.

ஞாயிறு காலையில் தண்ணி அப்படியே இருந்தது. திங்கட்கிழமையும் அப்படியே. "தாகம் எடுக்கல போல" என்று விட்டுவிட்டோம். செவ்வாய்க்கிழமை பார்த்தால், கோபுரம் மாதிரி தூக்கிக்கொண்டிருந்த கண்கள் ரெண்டும் உள்ளே அமுங்கியிருந்தன. பகல் பதினோரு மணிக்கு கண்ணை மூடிக்கொண்டு குச்சியில் தொங்கியது. மூடியில் தண்ணி இருந்தது, தொட்டியில் பச்சோந்தி இருந்தது, ரெண்டுக்கும் நடுவில் அரை அடிதான் தூரம். ஆனாலும் அது தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது.

இது எங்கள் பச்சோந்தியின் பிடிவாதம் இல்லை. பச்சோந்தி மரத்தில் வாழ்கிற ஜீவன். தண்ணி என்றால் அதற்கு இலை நுனியில் மினுங்குகிற சொட்டு; ராத்திரி இறங்கின பனி, மழை விட்டபின் கிளையில் வழிகிற ஈரம். அசையாமல் கிடக்கிற தட்டுத் தண்ணியைத் தண்ணி என்றே அது பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்வதில்லை. நாய்க்கு வைக்கிற மாதிரி, கோழிக்கு வைக்கிற மாதிரி கிண்ணம் வைப்பது நம்முடைய பழக்கம். அதற்குக் கிண்ணம் ஒரு பொருளே இல்லை.

ஸ்டேஷன் பக்கத்தில் சலூன் சாமான் விற்கிற கடையில் ஒரு புது ஸ்ப்ரே பாட்டில் வாங்கினோம். பழைய கண்ணாடி கிளீனர் பாட்டிலைக் கழுவிவிட்டு யாரும் பயன்படுத்த வேண்டாம், அதில் ஒட்டியிருக்கிற கெமிக்கல் போகாது. வேப்பிலைக் கொத்தை மாற்றி, இலைகள் மேல் மெல்லிசாகத் தூவினோம். ஒரு நிமிஷம், ஒன்றும் இல்லை. ரெண்டாவது நிமிஷம் கண் திறந்தது. மூணாவது நிமிஷம் தலையை நீட்டி, இலை நுனியில் நின்ற ஒரு சொட்டை வாய் ஓரத்தால் உறிஞ்சியது. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. பத்து நிமிஷத்துக்கு மேல் ஒவ்வொரு சொட்டாகக் குடித்தது. என் விரல் வலித்துவிட்டது. ரூம்மேட் வாங்கிக்கொண்டான், அவன் விரலும் வலித்த பிறகு எதிர் ரூம் பையன் வந்தான். அது குடித்து முடிக்கும் வரை மூணு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பச்சோந்தி வளர்க்கிறது என்றால் அதற்குத் தண்ணி வைக்கிறது இல்லை, தினமும் கொஞ்சம் மழை பெய்ய வைக்கிறது. அந்த மழையைத் தினமும் பெய்ய வைக்க முடியாதவன் பச்சோந்தி வாங்கக் கூடாது. நம்மில் பெரும்பாலானவர்களால், குறிப்பாக ஹாஸ்டல் வாசிகளால், அது முடியாது. என் கருத்து இவ்வளவுதான். இதை இன்ஜினியரிங் கணக்காகவே பேசலாம், நமக்கு வருகிற மொழி அதுதானே.

முதலில் உள்ளே போகிற தண்ணி. காலையில் விளக்கு வருவதற்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம் தூவ வேண்டும். ரெண்டு தடவை புஸ் புஸ் அடிப்பது தரையை நனைக்கத்தான் ஆகும். பச்சோந்தி குடிக்க ஆரம்பிக்கவே கொஞ்ச நேரம் ஆகிறது என்பதைப் பார்த்தோமே. புதுசாக வந்தது என்றால் பயத்தில் இருக்கும், ஆள் நின்றால் குடிக்காது. அதற்குச் சொட்டு முறை நல்லது: மேலே ஒரு பாட்டில், அடியில் டிரிப் டியூப், ஒரு செகண்டுக்கோ ரெண்டு செகண்டுக்கோ ஒரு சொட்டு இலை மேல் விழுகிற மாதிரி வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வாயைப் பிரித்து சிரிஞ்சால் தண்ணி அடிக்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். தண்ணி மூச்சுக்குழாயில் போனால் கதை முடிந்தது. நிஜமாகவே மோசமாக இருந்தால் போக வேண்டிய இடம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி ஒரு ஆஸ்பத்திரி, யூடியூப் இல்லை.

குடித்தது போதுமா என்று தெரிந்துகொள்ள சென்சார் எதுவும் வேண்டாம், அதன் எச்சத்தைப் பார்த்தால் போதும். நாம் யூரியாவாகத் தண்ணியில் கரைத்து வெளியேற்றுகிற கழிவை, ஊர்வன யூரிக் அமிலமாக, பசை மாதிரி வெளியேற்றுகின்றன. தண்ணியை மிச்சம் பிடிக்கிற வேலை. எச்சத்தோடு வருகிற அந்தப் பகுதி வெள்ளையாக இருந்தால் நல்லது. மஞ்சள், ஆரஞ்சு என்று போனால் உடம்பில் தண்ணி குறைந்திருக்கிறது. அதோடு கண்ணும் குழிந்தால் ஏற்கெனவே தாமதம். வாரக்கணக்கில் இப்படியே ஓடினால் சிறுநீரகம் கெடும், மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும். வெளியே பார்த்தால் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். இரையாகிற மிருகம் நோயை மறைத்துக்கொள்ளும். கத்தாது, குலைக்காது, கிண்ணத்தை உருட்டாது.

அடுத்து வெளியே போகிற தண்ணி. இங்கேதான் நாங்கள் அசிங்கப்பட்டோம். ஸ்ப்ரே அடித்து விரல் போன பிறகு, மூணு மெக்கானிக்கல் பையன்கள் சும்மா இருப்பார்களா? கூலரிலிருந்து கழட்டின சின்ன பம்ப், தோட்டத்து மிஸ்ட் நாசில், ஈசிஇ பையனிடம் கடன் வாங்கின ஆர்டுயினோ, ரிலே. புதன்கிழமை ராத்திரி ரெடி. வியாழக்கிழமை காலையில் தொட்டியின் அடியில் ரெண்டு இன்ச் தண்ணி, அதில் மிதக்கிற செத்த பூச்சி, கட்டிலுக்கு அடியில் ஈரமான டிராஃப்டர், கதவில் வார்டன். உள்ளே விடுகிற தண்ணியைப் பற்றி மூணு பேர் யோசித்தோம், அது எங்கே போகும் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ஏ கிரேடு வாங்கினவன் எங்களில் ஒருத்தன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இது வெறும் துடைக்கிற பிரச்சினை இல்லை. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். எப்போதும் நனைந்தே கிடந்தால் பூஞ்சை, பாக்டீரியா, பச்சோந்திக்கு மூச்சுக்குழாய் நோய். நம்ம ரூமுக்குக் கொசு. கண்ணாடித் தொட்டி அதனால்தான் இதற்கு ஆகாது, நாலு பக்கமும் வலை அடித்த கூண்டு வேண்டும், அடியில் தண்ணி வடிகிற தட்டு வேண்டும். வலைக் கூண்டு என்றால் ஈரம் சீக்கிரம் பறந்துவிடும், அஞ்சில் ஓடுகிற ஹாஸ்டல் ஃபேனுக்கு அடியில் இன்னும் சீக்கிரம். அப்போது திரும்ப அதிகமாகத் தூவ வேண்டும். இந்தச் சுழற்சியைச் சமன்படுத்துவதுதான் உண்மையான டிசைன் வேலை. செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது அதை யார் பார்ப்பார்கள் என்பது அந்த டிசைனில் சேர்க்க வேண்டிய முதல் கேள்வி.

மூணாவது, எந்தத் தண்ணி. நம்ம பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் ஓடுகிற இந்தச் சமவெளியின் நிலத்தடி நீரை மெட்ராஸுக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் விவசாயத்துக்காகவும் பல பத்தாண்டுகள் இறைத்தார்கள். மீஞ்சூர் பக்கம் கடல் நீர் நிலத்துக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. கடைசியில் அதே மீஞ்சூர் பகுதியில், காட்டுப்பள்ளியில், கடல் நீரிலிருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கிற ஆலை 2010-இல் திறந்தார்கள். எங்கள் ஹாஸ்டல் போர் தண்ணியில் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 1,800-ஐத் தொட்டது. மனுஷன் குடிக்க 500 வரை நல்லது, வேறு தண்ணியே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்தத் தண்ணியில் நாசில் ரெண்டே நாளில் வெள்ளை உப்பு கட்டி அடைத்துக்கொண்டது. இலை மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. பிறகு கேன் தண்ணிக்கு மாறினோம். ஒரு ஓணானுக்குக் கேன் தண்ணியா என்று மெஸ் அண்ணன் சிரித்தார். ஓணான் இல்லண்ணா, பச்சோந்தி என்றேன். அவருக்கு ரெண்டும் ஒன்றுதான்.

நிறையப் பேருக்கு அப்படித்தான். தொண்டை சிவந்து, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு காம்பவுண்டு சுவரில் ஓடுகிறதே, அது ஓணான். பச்சோந்தி ஓடாது. இரும்புத் துண்டை கொறடு பிடிக்கிற மாதிரி கிளையைப் பிடித்துக்கொண்டு, காற்றில் ஆடுகிற இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒரு அடி எடுத்து வைக்கும். நிறம் மாறுவது நம்ம அரசியல்வாதிகளைத் திட்டுவதற்காக ஏற்பட்டது இல்லை. பெரும்பாலும் உடம்புச் சூடு, கோபம், பயம், ஜோடி இதற்காகத்தான். ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தோல் செல்களுக்குள் இருக்கிற நுண்ணிய குவானின் படிகங்களின் இடைவெளியை மாற்றித்தான் இது நிறம் மாற்றுகிறது என்று காட்டினார்கள். பெயின்ட் இல்லை, ஒளியியல். எங்கள் தொட்டியில் முதல் மூணு நாள் அது கரும்பழுப்பாகவே இருந்தது. வெயில் தேடி உடம்பைச் சூடேற்றும்போதும் அப்படி இருக்கும், நொந்துபோயிருக்கும்போதும் அப்படி இருக்கும். எங்களுடையது எது என்று இப்போது தெரிகிறது.

சரி, பிடித்து வந்தது ஒரு பக்கம். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். ஏமன் நாட்டுப் பச்சோந்தி, மடகாஸ்கர் பச்சோந்தி என்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டோ போடுகிற வியாபாரிகள் சென்னையில் இருக்கிறார்கள். நம்ம காலேஜிலேயே ரெண்டு பேர் விலை கேட்டது எனக்குத் தெரியும். பாங்காக்கிலிருந்து வருகிற பயணிகளின் பெட்டிகளில் துணிக்கு நடுவே உயிருள்ள பிராணிகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பிடித்த செய்திகளை வருஷா வருஷம் படிக்கிறோம். பெட்டிக்குள் எந்த இலையில் சொட்டு நிற்கும்? அப்படி வந்து கை மாறுகிற ஒரு பச்சோந்தி, வாங்குகிறவன் வீட்டுக்குள் நுழையும்போதே வற்றிப்போயிருக்கும். "ரெண்டு வேளை ஸ்ப்ரே போதும் பிரதர்" என்கிற வாக்கியத்தோடு அது நம் கைக்கு வருகிறது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1972-இல் ஹவாயில் செல்லப்பிராணிக் கடை நடத்தின ஒருவர் கென்யாவிலிருந்து மூணு கொம்புப் பச்சோந்திகளை வரவழைத்தார். வந்து சேர்ந்தபோது அவை இளைத்து, தண்ணியில்லாமல் வாடிப்போயிருந்தன. பாவம் பார்த்து, தேறட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார். தேறின. தேறி, தோட்டத்தைத் தாண்டி, பல தீவுகளுக்குப் பரவி, அந்த மண்ணுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்றுகொண்டு இன்றைக்கும் இருக்கின்றன. வளர்க்க முடியாமல் போனால் சிப்காட் புதரில் விட்டுவிடலாம் என்று நினைக்கிற நண்பர்களுக்கு இதைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பச்சோந்தியை இங்கே திறந்து விடுவது ஒரு வழியே இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர்ப் பச்சோந்தி 1972-ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பிராணி. பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம், சிறை வரைக்கும் போகும். வெளிநாட்டு இனங்களுக்கு 2022-இல் திருத்தம் வந்தது, 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற உயிரினம் வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும், பரிவேஷ் இணையதளத்தில் பண்ணுகிற பதிவுக்கு 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்தன. ஏமன் பச்சோந்தி, மடகாஸ்கர் பச்சோந்தி ரெண்டுமே அந்தப் பட்டியலில் உண்டு. விற்கிறவரிடம் பேப்பர் கேளுங்கள். முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பச்சோந்தி தோற்றுவிடும்.

எதிர்க்கருத்து உண்டு. ஒழுங்காகப் பதிவு பண்ணி, கூண்டில் பிறந்த குட்டியை வாங்கி, நல்லபடி வைத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களால் காட்டிலிருந்து பிடிப்பது குறைகிறது என்று. அப்படி வைத்திருக்கிற ஒருவரின் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மொட்டை மாடியில் தனி அறை, வலைக் கூண்டு, உயிருள்ள செடிகள், ஆர்ஓ தண்ணி, அடியில் வடிகால் குழாய், பவர் கட்டுக்கு இன்வெர்ட்டர். ஊருக்குப் போனால் அவர் அம்மா பார்த்துக்கொள்கிறார். அவரிடம் எனக்கு வாதம் இல்லை. ஆனால் அவர் பச்சோந்தி வாங்குவதற்கு முன்னால் நாலு மாசம் காலிக் கூண்டில் மழை பெய்ய வைத்துப் பார்த்திருக்கிறார். நம்ம ஆட்களில் அந்த நாலு மாசம் யாருக்கு இருக்கிறது?

இப்போது ரூம்மேட்டின் வாதத்துக்கு வருகிறேன். "நான் எடுக்கலேன்னா செத்திருக்கும்." உண்மை. "நம்மகிட்டயும் சாக இருந்துச்சு" என்றேன் நான். அதுவும் உண்மை. அந்த வியாழக்கிழமை ராத்திரி முழுக்க இதே சண்டைதான். அவனுடைய பயம் நியாயமானது: வனத்துறைக்குப் போன் பண்ணினால் நம்மையே பிடித்துக்கொண்டால்? என்னுடைய பயம், லீவுக்கு எல்லாரும் கிளம்பினால் இது என்ன ஆகும் என்பது. கடைசியில் அவனேதான் போன் பண்ணினான், நடந்ததை நடந்தபடி சொன்னான். வந்தவர் திட்டினார். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றார். தொட்டியைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. "எங்க எடுத்தீங்க, சரியான இடம் காட்டுங்க" என்று மட்டும் கேட்டார்.

போய்ப் பார்த்தோம். இடம் இருந்தது, புதர் இல்லை. செம்மண் அடித்துச் சமப்படுத்தி, மூலைக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். இதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. அங்கே கட்டப்போகிற ஷெட்டில்தான் அடுத்த வருஷம் நம்மில் யாராவது டிரெயினி ஆகச் சேரலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஏரிக்கரை. ஆவாரம், நொச்சி, நடுவில் ஒன்றிரண்டு வேலிகாத்தான். கரையோரம் ஒரு புதரில் அவர் விடச் சொன்னார். ரூம்மேட் விட்டான். அது ஆடி ஆடி ரெண்டு அடி ஏறி, இலைக்குள் போய், பிறகு எங்களுக்குத் தெரியவில்லை. அங்கேயேதான் இருந்திருக்கும், எங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காலை ஆறரை மணி இருக்கும். மே மாசம் பிறந்துவிட்டது, ஒன்பது மணிக்கெல்லாம் நெருப்பு கொட்டப்போகிறது. ஆனால் ராத்திரி பழவேற்காடு பக்கமிருந்து வந்த காற்றில் நொச்சி இலையெல்லாம் நனைந்திருந்தது. ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு. ரூம்மேட் பையில் இருந்த ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான்.